ஷெல்லின் தொடக்கக் கோப்புகளும் தூண்டுகுறியும்: மொழியியலாளர் நோக்கில் ஒரு விளக்கம்

0. முன்னுரை

கணிப்பொறியின் துணைகொண்டு சொல்லடைவும் சொற்பட்டியலும் தொகுப்போர் பலர் இன்று கட்டளை வரியைப் பயன்படுத்துகின்றனர். நூற்றுக்கணக்கான கோப்புகளிலுள்ள சொற்களைப் பிரித்து, வரிசைப்படுத்தி, எண்ணித் தரும் பணியை ஓரிரு கட்டளைகளால் முடித்துவிட இயலும் என்பதே அதற்குக் காரணம். அக்கட்டளைகளை விளக்கும் கையேடுகள் பல உள்ளன. ஆயின், முதற்கட்டளை தட்டப்படுவதற்கு முன்னரே ஷெல் என்னும் நிரல் சில கோப்புகளைப் படித்து, அவற்றில் எழுதப்பட்டவற்றை ஏற்றுக்கொண்டுதான் நம்முன் வருகிறது என்பதை மொழியாய்வாளர் பெரும்பாலும் கருத்திற் கொள்வதில்லை. அக்கோப்புகளே தொடக்கக் கோப்புகள் எனப்படுகின்றன.

இதனைக் கருத்திற் கொள்ளாமையால் நேர்ந்த பிழை ஒன்றை முதலில் குறிப்பிட வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் இக்கட்டுரையாளர் இரு உரைநடை நூல்களின் சொற்பட்டியல்களை ஒப்பிட்டு, ஒரு நூலில் மட்டும் வரும் சொற்கள் இவை எனக் கருத்தரங்கு ஒன்றில் கட்டுரை படித்தார். கூட்டம் முடிந்ததும் மூத்த ஆய்வாளர் ஒருவர் மற்ற நூலைத் திறந்து, அதில் இல்லை எனப்பட்ட சொற்களுள் மூன்றைப் பக்கத்துடன் காட்டினார். நூலும் சரி, கட்டளைகளும் சரி. ஒரு பட்டியல் பகலில் கையால் தட்டி எடுக்கப்பட்டது. மற்றது அதே கணிப்பொறியில் இரவில் தானே இயங்குமாறு ஏற்பாடு செய்து எடுக்கப்பட்டது. பகலில் படிக்கப்பட்ட தொடக்கக் கோப்பு இரவில் படிக்கப்படவில்லை. இவ்வேறுபாடு எவ்வாறு இல்லாத ஒன்றை ஆய்வு முடிவாக்கியது என்பது இக்கட்டுரையின் ஐந்தாம் பகுதியில் விளக்கப்படும்.

தொடக்கக் கோப்பு என்பது வசதிக்காகவோ அழகுக்காகவோ மட்டும் அமைவதன்று; எழுத்து என்பது யாது, எழுத்துகளின் வரிசை யாது என்பனவற்றைத் தீர்மானிக்கும் மொழியியல் அறிவிப்பும் அதில் அடங்கியுள்ளது. இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். லினக்ஸ் அமைப்புகளில் பரவலாக வழங்கும் பாஷ் என்னும் ஷெல் இங்குச் சான்றாகக் கொள்ளப்படுகிறது. கட்டளை, கோப்பு, மாறி ஆகியவற்றின் பெயர்கள் தமிழ் ஒலிபெயர்ப்பில் தரப்பட்டுள்ளன. தட்டச்சிடுகையில் அவற்றை உரோமன் எழுத்தில் இடவேண்டும்.

1. சொல் வரலாறு

பயனருக்கும் இயக்க அமைப்பின் உட்கருவுக்கும் இடையே நின்று, தட்டப்படும் கட்டளையைப் படித்து, பொருள்கொண்டு, உரிய நிரலை இயக்குவது ஷெல். உட்கருவைக் கொட்டையின் பருப்பாகவும் அதைச் சூழ்ந்த நிரலை அதன் ஓடாகவும் உருவகித்தமையால் இப்பெயர் வந்தது. பிரெஞ்சுக் கணிப்பொறியாளர் லூயி பூசான் 1960களின் இடைப்பகுதியில் மல்ட்டிக்ஸ் அமைப்பிற்கான திட்டத்தை வகுத்தபோது இச்சொல்லை ஆண்டார். அதற்கு முன் அவர் எம்.ஐ.டி.யின் சி.டி.எஸ்.எஸ். அமைப்பிற்காக ரன்காம் என்னும் நிரலை எழுதியிருந்தார். கோப்பொன்றில் எழுதிவைத்த கட்டளைகளை வரிசையாக இயக்குவது அந்நிரலின் பணி. பாஷ்ஆர்சி முதலிய கோப்புப் பெயர்களின் இறுதியில் நிற்கும் 'ஆர்சி' என்னும் ஈரெழுத்து ரன்காம் என்பதன் சுருக்கமே. மூலச்சொல் வழக்கொழிந்தபின் சுருக்கம் மட்டும் விகுதிபோல் ஒட்டி வாழ்வதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

யூனிக்ஸின் முதல் ஷெல்லைக் கென் தாம்சன் 1971இல் அளித்தார். 1979இல் ஏழாம் பதிப்பு யூனிக்ஸுடன் ஸ்டீபன் போர்னின் ஷெல் வெளிவந்தது. ஆல்கால் 68 என்னும் நிரல்மொழியின் வழியில், ஒரு தொகுதியைத் தொடங்கும் சொல்லையே தலைகீழாக எழுதி அத்தொகுதியை முடிக்கும் வழக்கத்தை அவர் பின்பற்றினார். 'இஃப்' என்பதற்கு 'எஃப்ஐ' முடிவாயிற்று. 'கேஸ்' என்பதற்கு 'இசாக்' முடிவாயிற்று. 'டூ' என்பதன் தலைகீழ் வடிவம் வேறொரு கட்டளையின் பெயராக முன்பே வழங்கியதால் அங்கு மட்டும் 'டன்' என்னும் சொல் அமைந்தது. ஒப்பொலிச் சொல் தோன்றாதிருக்க வேறு வடிவத்தை நாடுவது இயற்கைமொழிக்கும் உரிய இயல்பே. பிரையன் ஃபாக்ஸ் குனு திட்டத்திற்காக எழுதி 1989இல் வெளிவந்த பாஷ், 'மீண்டும் போர்ன்' என்றும் 'மறுபிறவி' என்றும் இரட்டுறப் பொருள்படும் பெயரின் சுருக்கம். மேக் கணிப்பொறிகளில் 2019 முதல் இசட்ஷெல் இயல்பு ஷெல்லாக உள்ளது.

இச்சொல்லைத் தமிழாக்குவோர்க்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. 'ஓடு' என்பது உருவகத்திற்கு முற்றும் பொருந்தும். எனினும் நிரலை இயக்குவதை 'ஓட்டுதல்' என்றும், அது இயங்குவதை 'ஓடுதல்' என்றும் கூறும் வழக்கு நிலைபெற்றுவிட்டமையால், 'ஓடு ஓடுகிறது' என்பது போன்ற தொடர்கள் எழுகின்றன. 'கூடு', 'உறை' என்பன உட்கருவைச் சூழ்ந்திருத்தலை உணர்த்தினும் வேறு பொருட்களில் ஆளப்படுகின்றன. ஆதலின் இங்கு ஷெல் என்பதே கொள்ளப்பட்டது. நாடக மேடையில் நடிகர்க்கு அடியெடுத்துக் கொடுப்பதைக் குறித்த ஆங்கிலச் சொல்லே, பயனரின் கட்டளைக்காக ஷெல் இடும் அடையாளத்திற்கும் பெயராயிற்று. அதனைத் 'தூண்டுகுறி' எனலாம்.

2. தொடக்கக் கோப்புகள் படிக்கப்படும் முறை

தொடக்கக் கோப்புகளின் பெயர்கள் புள்ளியில் தொடங்கும். கோப்புகளைப் பட்டியலிடும் கட்டளை, நடப்புக் கோப்பகத்தையும் மேற்கோப்பகத்தையும் குறிக்கும் புள்ளிப் பெயர்களை மறைப்பதற்காக, புள்ளியில் தொடங்கும் பெயர் எதனையும் காட்டாதவாறு எழுதப்பட்டது. இக்குறுக்குவழியே மறைகோப்பு என்னும் வழக்கத்திற்கு வித்திட்டது என யூனிக்ஸ் அறிஞர் ராப் பைக் 2012இல் எழுதியுள்ளார். தற்செயலாய் நேர்ந்தது விதியாயிற்று. இதனால் நாம் எழுதாத ஒரு வரி நம் கோப்பகத்திலேயே நம் கண்ணிற் படாமல் இருந்து செயற்பட இயலும்.

எக்கோப்பு எப்போது படிக்கப்படும் என்பதற்கு இரு வினாக்களுக்கு விடை தேவை. ஷெல் உள்நுழைவின்போது தொடங்கியதா? அது பயனரோடு உரையாடும் ஷெல்லா? பாஷ் கைக்கொள்ளும் விதிகள் பின்வருமாறு:

(அ) உள்நுழைவு ஷெல்: அமைப்பு முழுமைக்கும் பொதுவான ப்ரொஃபைல் கோப்பு முதலில் படிக்கப்படும். பின்னர்ப் பயனரின் கோப்பகத்தில் .பாஷ்_ப்ரொஃபைல், .பாஷ்_லாகின், .ப்ரொஃபைல் என்னும் மூன்றையும் இவ்வரிசையில் தேடி, முதலில் கிடைப்பதை மட்டும் படிக்கும். ஏனையவை இருப்பினும் படிக்கப்படா.

(ஆ) உள்நுழைவு அல்லாத உரையாடல் ஷெல்: .பாஷ்ஆர்சி படிக்கப்படும். லினக்ஸ் சாளரச் சூழலில் முனையத்தைத் திறக்கையில் பெரும்பாலும் நிகழ்வது இதுவே. மேக் கணிப்பொறியின் முனையமோ உள்நுழைவு ஷெல்லைத் திறக்கிறது.

(இ) உரையாடா ஷெல்: கோப்பில் எழுதப்பட்ட கட்டளைத் தொகுதியை இயக்கும்போது மேற்கண்டவற்றுள் எதுவும் படிக்கப்படாது. பாஷ்_என்வ் என்னும் மாறியில் ஒரு கோப்பின் பெயர் தரப்பட்டிருந்தால் மட்டும் அது படிக்கப்படும்.

மூன்றாம் விதியே ஆய்வாளர்க்கு இன்றியமையாதது. முனையத்திலிருந்து ஒரு தொகுதியை இயக்கினால், அம்முனையத்தின் ஷெல் 'எக்ஸ்போர்ட்' கட்டளையால் வெளியிட்ட மாறிகள் அத்தொகுதிக்கும் மரபுரிமையாக வந்துசேரும். அதே தொகுதியைக் க்ரான் என்னும் காலக்கணக்கு நிரல் இரவில் இயக்கினால், அதற்குத் தாய் ஷெல்லும் இல்லை; தொடக்கக் கோப்பும் இல்லை. க்ரான் தரும் மிகச்சில மாறிகளே அதன் சூழல். மாற்றுப்பெயர்களின் நிலை இன்னும் கடுமையானது. நீண்ட கட்டளைக்குச் சூட்டப்படும் குறும்பெயர், வெளிப்படையாக அனுமதிக்கப்பட்டாலன்றி, உரையாடா பாஷில் விரிக்கப்படுவதே இல்லை. ஆகவே கையால் தட்டும்போது நாம் பெறும் விளைவை, அதே சொற்கள் எழுதப்பட்ட தொகுதியும் தரும் என எதிர்பார்த்தல் கூடாது.

தொலைவிலுள்ள கணிப்பொறியில் எஸ்எஸ்எச் வழியே நுழையும்போது வேறொரு நிலை எழுகிறது. டெபியன் வகை அமைப்புகளின் இயல்பு அமைப்பில், நம் கணிப்பொறியின் மொழிச்சூழல் மாறிகள் தொலைக் கணிப்பொறிக்கு அனுப்பப்படுகின்றன; அதுவும் அவற்றை ஏற்கிறது. இதனால் ஒரே கணிப்பொறியில் நுழையும் இருவர் இருவேறு அகரவரிசைகளைப் பெற இயலும்.

3. தூண்டுகுறியும் சுட்டுப்பொருளும்

ஷெல்லுக்கு நான்கு தூண்டுகுறிகள் உண்டு. பிஎஸ்1 என்பது கட்டளையை எதிர்நோக்குவது. பிஎஸ்2 என்பது முடிவுறாத கட்டளையின் அடுத்த வரிக்கு உரியது. அதன் இயல்பு வடிவம் > என்பது. மேற்கோள் குறியைத் திறந்து மூடாமல் விட்டவர் திகைத்து நிற்கும் இடம் இதுவே; வாக்கியம் இன்னும் முற்றுப்பெறவில்லை என்பதே அதன் பொருள். பிஎஸ்3 பட்டியலிலிருந்து தெரிவு செய்கையிலும், பிஎஸ்4 தொகுதியின் ஓட்டத்தைத் தடம் காண்கையிலும் தோன்றும்.

பிஎஸ்1 மாறியில் பின்சாய்வுக்கோட்டை அடுத்து உரோமன் எழுத்தொன்றை இட்டால் அது ஒரு மதிப்பாக விரியும். 'யு' என்பது பயனர் பெயராகவும், 'எச்' என்பது கணிப்பொறியின் பெயராகவும், சிறிய 'டபிள்யு' என்பது நடப்புக் கோப்பகத்தின் முழுப்பாதையாகவும், 'டி' என்பதன் சிறிய வடிவம் நேரமாகவும் விரியும். பின்சாய்வுக்கோட்டை அடுத்த $ குறி, இயல்பான பயனர்க்கு $ என்றும் முழு அதிகாரம் உடைய பயனர்க்கு # என்றும் தோன்றும்.

மொழியியல் நோக்கில் இவை யாவும் சுட்டுகள். பேசுவோர் யார், இடம் எது, காலம் எது என்பன தெரியாமல் 'இங்குள்ளவற்றை நீக்கு' என்னும் தொடருக்குப் பொருள்கொள்ள இயலாது. ஷெல்லில் தட்டப்படும் நீக்கற் கட்டளையும் அத்தகையதே. தொலைக் கணிப்பொறியின் முனையமும் நம் கணிப்பொறியின் முனையமும் அருகருகே திறந்திருக்கையில், கணிப்பொறியின் பெயரைக் காட்டாத தூண்டுகுறி பேரிழப்பிற்கு வழிகோலும். $, # ஆகியவற்றின் வேறுபாடு, கட்டளையிடுவோரின் தகுதிநிலையைக் குறிக்கும் மொழிக்கூறுகளோடு ஒப்பிடத்தக்கது. கட்டளை ஒன்றே, அதை இடுபவரின் நிலைக்கேற்ப விளைவு மாறும்.

மேற்கோள் குறிகளின் வேறுபாடும் இங்கு அறியத்தக்கது. தூண்டுகுறியில் ஒரு மாறியின் மதிப்பைக் காட்ட விரும்புவோர் அதனை இரட்டை மேற்கோளுக்குள் எழுதினால், தொடக்கக் கோப்பு படிக்கப்பட்ட கணத்தில் மாறி பெற்றிருந்த மதிப்பு நிலையாகப் பதிந்துவிடும். ஒற்றை மேற்கோளுக்குள் எழுதினால் மாறியின் பெயரே பாதுகாக்கப்பட்டு, தூண்டுகுறி தோன்றும் ஒவ்வொரு முறையும் அப்போதைய மதிப்பு விரியும். ஒரு சொல்லை ஆளுதலுக்கும் அச்சொல்லையே எடுத்துரைத்தலுக்கும் இடையே மொழியியலார் காணும் வேறுபாடு இதுவே.

4. தூண்டுகுறியில் தமிழ்: நான்கு எண்ணிக்கைகள்

தூண்டுகுறியில் தமிழ் எழுத்தை இட விரும்புவது இயல்பு. அவ்வாறு இடும்போது எழும் சிக்கல், எழுத்து என்னும் அலகைப் பற்றிய ஓர் அடிப்படை உண்மையை வெளிப்படுத்துகிறது.

'தமிழ்' என்னும் சொல்லைக் கொள்வோம். இலக்கண மரபில் இது த, மி, ழ் என மூன்று எழுத்து. யூனிகோடில் இது த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியெண். யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியெண் ஒவ்வொன்றும் மூன்று பைட்டாதலின் இது பதினைந்து பைட்டு. திரையில் எத்தனை நிரல் இடம்கொள்ளும் என நிரல்நூலகம் கணக்கிடுவதோ நான்கு. 3, 5, 15, 4 என நான்கு விடைகள்.

நான்கு என்னும் விடை விளக்கத்திற்குரியது. யூனிகோடு குறியெண்களை வகைப்படுத்துகையில் தமிழின் புள்ளியையும் ஈகாரக் குறியையும் இடம்கொள்ளாக் குறிகளாகவும், ஆகாரம், இகரம், உகரம், ஊகாரம் முதலியவற்றின் குறிகளை இடம்கொள்ளும் குறிகளாகவும் கொண்டுள்ளது. முன்னவை அகலமற்றவை, பின்னவை ஒரு நிரல் அகலமுடையவை. எனவே லினக்ஸின் குனு நூலகக் கணக்கில் 'பீ' ஒரு நிரலும் 'பி' இரு நிரலும் ஆகின்றன. குறிலும் நெடிலும் என்னும் மொழியியல் உறவுக்கு இதில் இடமில்லை. முனையம் 'மி' என்பதை ஒரே நிரலில் வரைந்தால் ஷெல்லின் கணக்கும் திரையின் தோற்றமும் பொருந்தா. நீண்ட கட்டளையைத் திருத்தும்போது காட்டி தவறான இடத்தில் நிற்பதும், வரி மடிகையில் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று விழுவதும் இதன் விளைவு. தூண்டுகுறிக்கு வண்ணம் தரும் குறியீடுகள் அகலமற்றவை என்பதை அறிவிக்க, அவற்றைப் பின்சாய்வுக்கோடுடைய பகர அடைப்புகளுக்குள் எழுதவேண்டும் என்னும் விதியும் இக்கணக்கு பிறழாமைக்காகவே அமைந்தது.

மேற்கூறிய நான்கனுள் ஷெல் எதனைத் தரும்? ஒரு மாறியில் 'தமிழ்' என்பதை இட்டு அதன் நீளத்தைக் கேட்டால், யுடிஎஃப்-8 மொழிச்சூழலில் பாஷ் 5 எனக் கூறும். 'சி' மொழிச்சூழலில் 15 எனக் கூறும். இலக்கண மரபின் 3 எவ்விடத்தும் கிடைப்பதில்லை. ஐந்தெழுத்துச் சொற்களைத் தேட ஐந்து புள்ளிகளை இடும் ஆய்வாளர், மூன்றெழுத்துச் சொல்லாகிய 'தமிழ்' என்பதையும் பெறுவார். ஐந்தா பதினைந்தா என்பதைத் தீர்மானிப்பது தொடக்கக் கோப்பிலுள்ள ஒரு வரி.

5. மொழிச்சூழல் மாறிகளும் அகரவரிசையும்

அவ்வரி மொழிச்சூழல் மாறிகளுக்கு உரியது. எல்சி_சிடைப் என்பது பைட்டுகளை எழுத்துகளாகக் கொள்ளும் முறையையும், எல்சி_கொலேட் என்பது வரிசைமுறையையும், எல்சி_மெசேஜஸ் என்பது செய்திகளின் மொழியையும், எல்சி_டைம் என்பது நாள், மாதப் பெயர்களையும் குறிக்கும். தனித்தனியே குறிக்கப்படாதவற்றிற்கு லாங் என்னும் மாறியின் மதிப்பு பொருந்தும். எல்சி_ஆல் என்னும் மாறிக்கு மதிப்புத் தரப்பட்டிருப்பின் அது மற்ற எல்லாவற்றையும் மீறும். எதற்கும் மதிப்புத் தரப்படாவிடின் 'சி' மொழிச்சூழலே எஞ்சும். அங்கு வரிசை என்பது பைட்டுகளின் எண்வரிசையே.

யுடிஎஃப்-8 முறையில் பைட்டுவரிசை குறியெண் வரிசையோடு ஒத்தது. யூனிகோடின் தமிழ்ப் பகுதியோ, இந்திய மொழிகளுக்குப் பொதுவாக வகுக்கப்பட்ட 1988ஆம் ஆண்டின் இஸ்கி தரத்தைப் பின்பற்றியது. தேவநாகரியின் அடைவுக்கு ஏற்பத் தமிழ் எழுத்துகள் அதில் இடம்பெற்றன. ஆதலின் ன என்பது ந என்பதை அடுத்தும், ற என்பது ர என்பதை அடுத்தும், ள, ழ என்பன ல என்பதை அடுத்தும் நிற்கின்றன. வ அவற்றிற்குப் பின் வருகிறது. ஆய்தம் உயிர்களுக்கு முன் உள்ளது. புள்ளி உயிர்க்குறிகளுக்குப் பின் உள்ளது. எனவே மெய்யை உயிர்மெய்க்கு முன் வைக்கும் அகராதியில் 'அகம்' என்பதற்கு முன் வரவேண்டிய 'அக்கா' அதற்குப் பின் வரும்.

ஆறு சொற்களைக் கொண்டு இதனைக் காணலாம்.

மரபு வரிசை: வரம், வலம், வழி, வளம், வறுமை, வனம்.
குறியெண் வரிசை: வனம், வரம், வறுமை, வலம், வளம், வழி.

இனி முன்னுரையிற் கூறிய பிழைக்கு வருவோம். இரு பட்டியல்களை ஒப்பிடும் 'காம்' என்னும் கட்டளை, இரண்டும் ஒரே வரிசையில் உள்ளன என்னும் கொள்கையின்மேல் இயங்குவது. இரு பட்டியல்களின் தலைச்சொற்களை ஒப்பிட்டு, முற்பட்ட சொல்லை அப்பட்டியலுக்கு மட்டும் உரியதெனக் கூறிவிட்டு அடுத்த சொல்லுக்குச் செல்லும். இரண்டும் ஒத்தால் பொதுச்சொல் எனக் கொள்ளும். மேற்கண்ட ஆறு சொற்களும் இரு நூல்களிலும் உள்ளன என்க. முதற்பட்டியல் மரபு வரிசையிலும், இரவில் எடுத்த இரண்டாம் பட்டியல் குறியெண் வரிசையிலும் அமைந்துள்ளன. ஒப்பீடு மரபு வரிசையைக் கொண்ட மொழிச்சூழலில் நிகழ்கிறது. முதலில் 'வரம்', 'வனம்' என்பன ஒப்பிடப்படுகின்றன. மரபில் 'வரம்' முற்பட்டது. எனவே அது முதல் நூலுக்கு மட்டும் உரியதாகிறது. இவ்வாறே வலம், வழி, வளம், வறுமை ஆகியனவும் முதல் நூலுக்கு மட்டும் உரியன ஆகின்றன. பின்னர் 'வனம்' இரண்டிலும் ஒத்துப் பொதுச்சொல் ஆகிறது. முதற்பட்டியல் முடிந்துவிட்டதால் இரண்டாம் பட்டியலில் எஞ்சிய ஐந்தும் இரண்டாம் நூலுக்கு மட்டும் உரியன ஆகின்றன. ஆறும் பொதுவாயிருக்க, ஒன்றே பொது என்னும் முடிவு கிடைக்கிறது. இரு நிரல்களையும் ஒருங்கே நோக்கியிருப்பின் அதே ஐந்து சொற்கள் இரண்டிலும் இருப்பது புலப்பட்டிருக்கும். இக்கட்டுரையாளர் முதல் நிரலை மட்டும் எடுத்துக்கொண்டார். பட்டியல் வரிசையில் இல்லை என்னும் எச்சரிக்கை வரி திரையில் தோன்றியது. அதனை வழக்கமான செய்தி எனக் கருதி விட்டுவிட்டார்.

தேடற்குறிகளிலும் இவ்விடர் உண்டு. பகர அடைப்பினுள் 'க-ன' என எழுதுவோர் பதினெட்டு மெய்வரிசையையும் கருதியே எழுதுவர். குறியெண் வரிசையில் அவ்வெல்லைக்குள் வருவன க, ங, ச, ஜ, ஞ, ட, ண, த, ந, ன என்னும் பத்தே. ப, ம, ய, ர, ல, வ, ழ, ள, ற என்னும் ஒன்பதும் விடுபட, ஜ புகுந்துவிடுகிறது. இங்கு எச்சரிக்கை ஏதும் தோன்றாது.

தமிழ் மொழிச்சூழலை அறிவித்துவிட்டால் மட்டும் போதுமா? அம்மொழிச்சூழல் கணிப்பொறியில் நிறுவப்பட்டிருக்க வேண்டும். நிறுவப்படாத ஒன்றைக் குறித்தால் பல நிரல்கள் ஓசையின்றிச் 'சி' மொழிச்சூழலுக்குத் திரும்பிவிடும். நிறுவப்பட்டிருப்பினும் எவ்வரிசை கிடைக்கும் என்பது அவ்வமைப்பின் வரிசைத் தரவையும் அதன் பதிப்பையும் பொறுத்தது. குனு நூலகத்தின் 2.28ஆம் பதிப்பில், 2018இல், வரிசைத் தரவு முழுமையாகப் புதுப்பிக்கப்பட்டது. எனவே பழைய கணிப்பொறியும் புதிய கணிப்பொறியும் ஒரே அறிவிப்பிற்கு வேறு வரிசை தர இயலும். மேலே தந்த ஆறு சொற்களையும் ஒரு கோப்பில் இட்டு வரிசைப்படுத்திப் பார்ப்பது எளிய சோதனை.

மொழிபெயர்ப்பாளர்க்குரிய கருத்தொன்றும் இங்குண்டு. எல்சி_மெசேஜஸ் மாறியால் பிழைச்செய்திகள் மொழிபெயர்ப்பில் தோன்றுகையில், ஆங்கிலச் செய்தியைத் தேடிப் படிக்குமாறு எழுதப்பட்ட தொகுதிகள் செயலிழக்கும். செய்தி படிப்போர்க்குத் தமிழும், நிரலுக்கு நிலையான வடிவமும் தேவை. இரண்டையும் வெவ்வேறு மாறிகளால் பிரித்து அமைக்க இயலும் என்பதே இப்பகுப்பின் பயன்.

6. பரிந்துரைகள்

1) மொழிச்சூழல் மாறிகளை உள்நுழைவுக்குரிய .ப்ரொஃபைல் கோப்பிலும், தூண்டுகுறி, மாற்றுப்பெயர் ஆகியவற்றை .பாஷ்ஆர்சி கோப்பிலும் எழுதுக. .பாஷ்_ப்ரொஃபைல் என ஒன்றைப் புதிதாக உருவாக்கினால் .ப்ரொஃபைல் படிக்கப்படாது என்பதை நினைவிற் கொள்க. தேவையெனின் அதிலிருந்து மற்ற இரண்டையும் படிக்கச் செய்க.

2) ஆய்வு முடிவைத் தரும் எந்தத் தொகுதியும் தொடக்கக் கோப்பை நம்பலாகாது. தொகுதியின் முதல் வரிகளிலேயே மொழிச்சூழலை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும்.

3) ஒப்பிடுதல், இணைத்தல் ஆகிய இடைநிலைப் பணிகள் யாவற்றையும் 'சி' மொழிச்சூழலில் செய்க. வாசகர் கைக்குச் செல்லும் இறுதிப் பட்டியலை மட்டும் தமிழ் வரிசையில் அமைத்து, ஆறுசொற் சோதனையால் சரிபார்க்க.

4) தூண்டுகுறியில் பயனர், கணிப்பொறி, கோப்பகம் ஆகியவற்றோடு மொழிச்சூழலையும் காட்டுக. எல்சி_ஆல், எல்சி_கொலேட், லாங் என்னும் மூன்றனுள் மதிப்புடைய முதலாவது தோன்றுமாறு ஒற்றை மேற்கோளுக்குள் எழுதினால் அப்போதைய நிலை எப்போதும் கண்முன் நிற்கும். தூண்டுகுறியைப் பொறுத்தவரை தமிழ் எழுத்தைத் தவிர்ப்பது வரி பிறழாமைக்கு உதவும்.

5) கட்டளை வரலாற்றை ஆய்வுக்குறிப்பாகக் கொள்க. பாஷ் இயல்பாக 500 கட்டளைகளையே வைத்திருக்கும். ஹிஸ்ட்சைஸ், ஹிஸ்ட்ஃபைல்சைஸ் ஆகிய மாறிகளால் அவ்வெல்லையை உயர்த்தலாம். ஹிஸ்ட்டைம்ஃபார்மட் மாறிக்கு மதிப்புத் தந்தால் ஒவ்வொரு கட்டளையின் நேரமும் பதிவாகும்.

6) தொடக்கக் கோப்பைத் திருத்துமுன் படியெடுத்து வைக்க. திருத்தியபின் பழைய முனையத்தை மூடாமலே புதிய முனையம் ஒன்றைத் திறந்து பார்க்க. திருத்தத்தில் பிழை இருந்து புதிய ஷெல் தொடங்காவிடினும், திறந்திருக்கும் பழைய ஷெல்லிலிருந்து மீட்க இயலும்.

7. முடிவுரை

சொல்லடைவுகளையும் சொல்வருகைக் கணக்குகளையும் வெளியிடுவோர், மூலபாடத்தின் பதிப்பையும் சொற்களைப் பிரித்த முறையையும் குறிப்பிடுகின்றனர். எம்மொழிச்சூழலில் வரிசைப்படுத்தப்பட்டது, எழுத்து எண்ணிக்கை எவ்வலகைக் கொண்டது என்பனவற்றைக் குறிப்பிடுவது அரிது. இக்குறிப்பு இல்லாதவழி, பிறர் அதே பாடத்தைக் கொண்டு அதே கட்டளைகளை இட்டாலும் அதே முடிவைப் பெறுவர் என்பதற்கு உறுதியில்லை. ஆய்வேட்டின் பின்னிணைப்பில் மொழிச்சூழல் மாறிகளின் மதிப்புகளையும் நூலகப் பதிப்பையும் மூன்று வரிகளில் தருவது போதுமானது. கருத்தரங்கில் படிக்கப்பட்ட அக்கட்டுரையின் பட்டியல்கள் இரண்டும் பின்னர் ஒரே மொழிச்சூழலில் மீண்டும் எடுக்கப்பட்டன. ஒரு நூலுக்கே உரியன எனப்பட்ட சொற்களுள் பல நீங்கின. எஞ்சியவற்றைக் கொண்டு கட்டுரை திருத்தி எழுதப்பட்டது. மூத்த ஆய்வாளர் நூலைத் திறந்து பார்த்திராவிடின் அப்பிழை அச்சேறியிருக்கும்.